ஊருக்குப் போறவை ரவுனுக்கு ஒரு காலமையை ஒதுக்கி வையுங்கோ

கோடை லீவுக்கு யாழ்ப்பாணம் போறம் எண்டு ரிக்கெற் போட்டவை என்னட்ட கேக்கிறது எப்பவும் ஒண்டுதான், அங்க என்ன கொண்டு போறது எண்டு. சொக்கிலேற்றும் சவுக்காரமும் இப்ப அங்கயே கிடக்கு, அதை விடுங்கோ. நான் திருப்பிக் கேக்கிறது, வரேக்க சூட்கேசில எத்தினை கிலோ வெறுமையா வைச்சிருக்கப் போறியள்? பத்துக் கிலோவாவது விடுங்கோ. ஏன் எண்டு சொல்லுறன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

மூண்டு கிழமை எண்டு போறம். முதல் கிழமை நித்திரைக் குழப்பத்திலயும் வயித்துக் குழப்பத்திலயும் போயிடும். இரண்டாம் கிழமை பெரியம்மா வீடு, மாமி வீடு, மாமியின்ர சம்பந்தி வீடு, ஒவ்வொரு வீட்டிலயும் சோடாவும் கேக்கும், குடிக்காட்டிக் கோவிப்பினம், ஒரு வீட்டுக்குப் போய் மற்ற வீட்டுக்குப் போகாட்டி அது அடுத்த பத்து வருசத்துக்குக் கதையா நிக்கும். மூண்டாம் கிழமை நேர்த்திக்கடன், கீரிமலை, நயினாதீவு, பேந்து கொழும்புக்கு வெளிக்கிடுறது. இதுக்குள்ள நாங்கள் வளந்த யாழ்ப்பாண ரவுனை வான் கண்ணாடியால பாத்ததோட சரி. நானும் 2003 இல, சண்டை நிப்பாட்டி ஏ9 பாதை திறந்திருந்த நேரம் போகேக்க இப்பிடித்தான் வந்தன், 2012 இலயும் இப்பிடித்தான். போன முறை தான் வீட்டில சொல்லிப்போட்டன், புதன்கிழமை காலமை நான் ஒருத்தற்ற வீட்டுக்கும் வரமாட்டன், மகளைக் கூட்டிக்கொண்டு ரவுனுக்குப் போறன், புத்தகக்கடையும் சைவக்கடையும் மட்டும் தான் எண்டு. மனுசி ஒரு மாதிரிப் பாத்தா. பரவாயில்லை.

எனக்கு எண்பதுகளில ரவுன் எண்டால் அப்பாவின்ர சைக்கிள் பார் தான். கோண்டாவிலில இருந்து பலாலி வீதியால அப்பா உழக்க, நான் பாரில துவாயை மடிச்சுப் போட்டு அதில இருந்து போவன். மாசத்தில ஒருக்கா, சம்பளம் எடுத்த கிழமை. அப்பா வாத்தியார், பெரிய காசு ஒண்டும் இல்லை, ஆனால் அந்த ஒரு நாள் புத்தகக்கடைக்குப் போறதை அம்மாவும் தடுக்கிறேல்லை. எனக்கு அம்புலிமாமா, தனக்கு ஏதாவது ஒண்டு. கடைக்காரர் பழைய பேப்பரில சுத்தி சணல் நூலால குறுக்கும் நெடுக்குமாக் கட்டி, அந்த நூலை விரலில சுத்தி ஒரு வெட்டு இழுவையில அறுப்பார், கத்தி கத்திரிக்கோல் ஒண்டும் இல்லை. நான் வீட்டில அதைச் செய்து பாத்து விரல் வெட்டுப்பட்டது வேற கதை. வாங்கின புத்தகத்தில முதல் பக்கத்தில அப்பா மூலையில கையெழுத்து வைச்சுத் திகதியும் போட்டு, கீழ யாழ்ப்பாணம் எண்டு எழுதுவார். யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு யாழ்ப்பாணம் எண்டு ஏன் எழுதுறார் எண்டு எனக்கு அப்ப விளங்கேல்லை.

சரி, இப்ப விசயத்துக்கு வாறன். ரவுனில புத்தகக்கடை எண்டால் எங்கட ஆக்களுக்கு முதல் வாயில வாற பேர் பூபாலசிங்கம் புத்தகசாலை தான், ஆஸ்பத்திரி வீதியில, பஸ் ஸ்ராண்டுக்குக் கிட்ட. 1981 இல யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரிச்ச அந்த நாளுகளில இந்தக் கடையும் எரிஞ்சது. நூலகத்தில 97,000 புத்தகம் போனது எண்டு எல்லாருக்கும் தெரியும், கடை எரிஞ்சது இளம் ஆக்கள் கனபேருக்குத் தெரியாது. கொழும்பிலயும் அவைக்குக் கடை இருக்கு, ஆனபடியா போற வழியில விட்டால் வாற வழியில பிடிக்கலாம். இதை விட ரவுனுக்குள்ள வேற கடையளும் இருக்கு, பள்ளிக்கூடக் கொப்பி பேனை விக்கிற கடையளுக்குப் பின்பக்கம் ஒரு றாக்கை நிறைய உள்ளூர்ப் புத்தகம் கிடக்கும், முன்னால நிண்டு பாத்தால் தெரியாது, உள்ளுக்க போகோணும். சுன்னாகம், நெல்லியடிப் பக்கம் நிண்டால் அங்கத்தக் கடையளையும் ஒருக்கா எட்டிப் பாருங்கோ.

ஞாயிற்றுக்கிழமை போகாதையுங்கோ, கனகடை பூட்டு. பூரணை எண்டால் போயா லீவு, கலண்டரைப் பாத்துப் போங்கோ. கிழமை நாளில ஒன்பதரை பத்துக்குப் போனால் வெயிலும் குறைவு சனமும் குறைவு, கடைக்காரருக்கும் உங்களோட கதைக்க நேரம் இருக்கும், அது தான் முக்கியம். ஓட்டோவுக்கு போனில பிக்மீ ஆப் வேலை செய்யுது, பேரம் பேசி மண்டை காயத் தேவையில்லை. ஐப்பசி கார்த்திகை மார்கழியில போறவை ஒரு தடிச்ச பொலித்தீன் பையும் கொண்டு போங்கோ, அங்கத்த மழைக்குக் குடை காணாது.

என்ன வாங்கிறது எண்டு கேட்டால் எனக்கு ஒரு பிடிவாதமான கொள்கை இருக்கு. இந்தியாவில அச்சடிச்ச புத்தகத்தை அங்க வாங்கி நிறையைக் கூட்டாதையுங்கோ, அதை நீங்கள் சென்னையில இருந்தும் எடுக்கலாம், ரொறொன்ரோவிலயும் லண்டனிலயும் கூட அந்தா இந்தா எண்டு கிடைக்குது. யாழ்ப்பாணத்தில அச்சடிச்சது தான் அங்க விட்டால் பிறகு கிடையாது. முந்நூறு ஐந்நூறு பிரதி அடிப்பினம், பாதி வெளியீட்டு விழாவில என்வலப்புக்குப் போயிடும், அதாவது விழாவுக்குப் போறவை என்வலப்பில காசு வைச்சுக் குடுத்துப் பிரதி வாங்கிறது, இது தெரியாமல் வெறுங்கையோட போய் முன் வரிசையில இருந்து முழிச்ச அனுபவம் எனக்கு இருக்கு. மிச்சம் கொஞ்சம் கடைக்கு வரும், கொஞ்சம் எழுதினவற்ற வீட்டுக் கட்டிலுக்குக் கீழ கிடக்கும். இரண்டாம் பதிப்பு எண்டது அருமை. அதால ஊர் வரலாறு, கோயில் வரலாறு, பள்ளிக்கூட நூற்றாண்டு மலர், உள்ளூர்ச் சிறுகதைத் தொகுதி, சின்னச் சஞ்சிகையளின்ர பழைய இதழ், இப்பிடியானதைத் தான் முதலில பாருங்கோ. உங்கட ஊர்ப் பேரைச் சொல்லிக் கேளுங்கோ. "இணுவில் பற்றி ஏதும் இருக்கோ", "காரைநகர் பற்றி இருக்கோ" எண்டு கேட்டால் அவைக்கு உடன நினைவு வரும்.

சஞ்சிகை எண்டு சொல்லேக்க ஒண்டு. கஸ்தூரியார் வீதியால நடந்தால் கொஞ்சம் நிண்டு பாருங்கோ. எழுத்தாளர் டொமினிக் ஜீவா 1966 இல மல்லிகை எண்ட இலக்கியச் சஞ்சிகையைத் தொடங்கி நடத்தினது இந்த வீதியோட சேந்த கதை, சலூன் வைச்சிருந்த மனிசன், தானே கொண்டு திரிஞ்சு வித்தார். 2021 இல கொழும்பில காலமானார். பழைய மல்லிகை இதழ் எங்கயாவது கண்ணில பட்டால் விலை பாக்காமல் எடுங்கோ.

தமிழ்ப் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிற ரீச்சர்மாருக்கு ஒரு விசயம். இலங்கைப் பாடப்புத்தகம் வேணும் எண்டு கடை கடையா அலையாதையுங்கோ, அது அரசாங்கம் பிள்ளையளுக்கு இலவசமாக் குடுக்கிறது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின்ர இணையத்தளத்தில பிடிஎஃப் ஆ இறக்கலாம், வீட்டில இருந்தே. கடையில நீங்கள் பாக்க வேண்டியது பயிற்சிப் புத்தகம், சிறுவர் பாட்டு, கட்டுரைத் தொகுப்பு மாதிரி. பிறகு பஞ்சாங்கம். வீட்டில வயசு போனவை இருந்தால் எங்க போனாலும் "தம்பி, வாக்கியப் பஞ்சாங்கம் ஒண்டு" எண்டு சொல்லி விடுவினம், அவைக்கு போனில இருக்கிறது பிடிக்காது, அது திருக்கணிதம் எண்ட மற்றக் கணக்கு முறையோ எதுவோ எண்டு ஒரு சந்தேகம், மஞ்சள் பூசி சாமித்தட்டில வைக்கிறதுக்குப் பேப்பரில வேணும். சித்திரை வருசத்துக்குக் கிட்டப் போனால் புதுசு கிடைக்கும், ஆவணியில போய்க் கேட்டால் பாதி வருசம் போன பஞ்சாங்கம் தான்.

லிஸ்ட் கொண்டு போங்கோ, ஆனால் லிஸ்டை நம்பிக்கொண்டு நிக்காதையுங்கோ. போன முறை நான் ஒரு புத்தகத்தின்ர பேரையும் மறந்து, எழுதினவரையும் மறந்து போய் நிண்டன். கடையில நிண்ட பெடியனுக்கு ஒரு இருபத்தஞ்சு வயசு இருக்கும்.

"ஆர் எழுதினது அண்ணை?"

"தெரியேல்லை தம்பி, அட்டையில ஒரு துலா போட்ட கிணறு."

"பச்சை அட்டையோ, மண் நிறமோ?"

"மண் நிறம் எண்டு தான் நினைக்கிறன்."

பெடியன் ஒண்டும் கதைக்கேல்லை, ஏணியைத் தூக்கிக்கொண்டு உள்ளுக்க போனான், மேல் தட்டில ஒரு கட்டை இழுத்தான், தூசி பறந்து அவனுக்கும் தும்மல் எனக்கும் தும்மல், கொண்டு வந்து வைச்சான், அதே கிணறு. கடைசிப் பிரதி அண்ணை எண்டான். கூகிளிட்ட அட்டையில கிணறு எண்டு கேட்டுப் பாருங்கோவன்.

விலையில பேரம் பேசாதையுங்கோ, தயவுசெய்து. அவை தாற விலைக்கழிவைத் தருவினம். அட்டையின்ர பின்பக்கம் பாத்து, டொலருக்குப் பிரிச்சு, "இவ்வளவு தானோ, சும்மா கிடைச்ச மாதிரி" எண்டு சத்தமாச் சொல்லுறதையும் விடுங்கோ, பக்கத்தில நிக்கிற கம்பஸ் பெட்டை அந்தப் புத்தகத்தை மூண்டாம் தரமா எடுத்துப் பாத்து வைக்கிறதைக் காணேல்லையோ. 2022 இல டொலர் 200 ரூபாயில இருந்து 360 க்கு ஏறினது, பேப்பர் இல்லாமல் மேல் மாகாணத்தில பள்ளிக்கூடச் சோதினையையே தள்ளி வைச்ச நாடு அது. அந்த அடிக்குப் பிறகும் புத்தகம் அடிக்கிறவை இருக்கினம் எண்டதே பெரிசு. காசாக் கொண்டு போங்கோ, ஐயாயிரம் ரூபாத் தாளை மட்டும் நீட்டாமல் ஆயிரமும் ஐந்நூறுமா மாத்திக்கொண்டு போனால் அவைக்கும் சுகம். பக்கத்தை போனில படம் எடுக்கிற பழக்கம் எங்கட ஆக்களுக்கு இருக்கு, வாட்ஸ்அப்பில போட, அது சரியில்லை.

பேப்பர் எண்டு சொன்னவுடன எனக்கு வேற காலம் நினைவு வருது. 90 இல இருந்து 95 வரைக்கும் அரசாங்கத்தின்ர பொருளாதாரத் தடை. கொழும்பில இருந்து புத்தகம் வராது, மண்ணெண்ணெய் தங்க விலை. பத்திரிகை கோடு போட்ட கொப்பித் தாளில அடிச்சு வந்தது, செய்திக்கு நடுவால நீலக்கோடு ஓடும். ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சு வைச்சு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு எரிக்கிற விளக்கு, அதைச் சுத்தி நாங்கள் நாலு பேர், ஒரு புத்தகம். அப்பா வாசிக்க மற்றவை கேக்கிறது, ஏனெண்டால் நாலு பேர் எட்டிப் பாக்கிற அளவுக்கு அதில வெளிச்சம் இல்லை. 95 ஐப்பசியில சண்டைக்குப் பயந்து சனம் எல்லாம் வெளிக்கிட்ட இடப்பெயர்வில அப்பா ஒரு உரப்பை நிறையப் புத்தகம் கட்டி வைச்சவர், சைக்கிளில அரிசியா புத்தகமா எண்டு வந்தவுடன அரிசி தான் ஏறினது. திரும்பிப் போகேக்க அந்த உரப்பை இல்லை. சரி, அதை விடுவம்.

கட்டுறதைப் பற்றிச் சொல்லோணும், ஏனெண்டால் நான் பட்ட பாடு. இருநூறு பக்கப் புத்தகம் ஒண்டு கிட்டத்தட்டக் கால் கிலோ வரும், அப்ப பத்துக் கிலோவுக்கு நாற்பது புத்தகம் போடலாம். சூட்கேசின்ர அடியில, சில்லுப் பக்கம், முதுகு கீழ இருக்கிற மாதிரி அடுக்கி, சுத்திவர சேலையும் சாரமும் செருகுங்கோ. மிளகாய்த்தூளை அதே சூட்கேசில வைக்காதையுங்கோ. வைக்காதையுங்கோ எண்டு இரண்டு தரம் சொல்லுறன். மாமி வறுத்து இடிச்சு மூண்டு பையில போட்டுக் கட்டித் தந்தவா, மூண்டும் வெடிச்சுது. இப்பவும் எனக்கு 2012 இல கொண்டு வந்த ஒரு கவிதைத் தொகுதியைத் திறந்தால் கண் எரியும், கவிதையும் அப்பிடித்தான் எண்டது வேற. பனங்கட்டியும் அப்பிடித்தான், வெக்கைக்கு இளகும். புழுக்கொடியல் பரவாயில்லை, அவிச்சுக் காயவைச்ச பனங்கிழங்கு தானே, புத்தகத்தோட சண்டை பிடிக்காது. தபாலில அனுப்பப் போறவை முதல் கந்தோரில நிறைக்கு எவ்வளவு எண்டு விசாரியுங்கோ, ஒட்டி மூடிக்கொண்டு போகாதையுங்கோ, உள்ளுக்க என்ன எண்டு படிவம் நிரப்போணும், சில வேளை திறந்து காட்டச் சொல்லுவினம்.

இனிச் சாப்பாடு. புத்தகக்கடையில இரண்டு மணித்தியாலம் நிண்டால் கால் உளையும் வயிறும் கடிக்கும். பெரியகடை எண்ட கடைத்தெருப் பக்கம் நடந்து போங்கோ, மலாயன் கபே. பழைய சைவக்கடை. மாபிள் பதிச்ச மேசை, மர அலுமாரி, சாமிப் படம், மின்விசிறி. அப்பா புத்தகக்கடைக்குப் பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு போறது இஞ்ச தான், எனக்குத் தோசையும் உளுந்து வடையும், தனக்குப் பால் தேத்தண்ணி மட்டும், பசிக்கேல்லை எண்டுவார். அந்த வயசில நம்பினன். மேசையை ஈரத் துணியால துடைச்சுப்போட்டுப் போவினம், அதால அப்பா புத்தகப் பார்சலை மேசையில வைக்கமாட்டார், மடியில தான். நான் மாபிளில முழங்கையை வைச்சால் வெயிலால வந்த உடம்புக்குச் சில்லெண்டு இருக்கும்.

பன்னிரண்டுக்கு முதல் போங்கோ, பன்னிரண்டரைக்கு மேல அரசாங்கக் கந்தோர்க்காரர் கடைக்காரர் எல்லாம் வந்து இறங்கிடுவினம், ஒருத்தர் சாப்பிட்டு முடியுமட்டும் கதிரைக்குப் பின்னால நிக்கிற நிலைமை வரும். வாழையிலையில சோறு, பருப்பு, கத்தரிக்காய், கீரை, அப்பளம், மோர்மிளகாய், கேக்கக் கேக்கப் போடுவினம். கரண்டி கேக்காதையுங்கோ. காலமையோ பின்னேரமோ எண்டால் தோசை தான், சம்பலோட. சாப்பிட்டு முடிச்சவுடன இலையை நீங்கள் தான் எடுக்கோணும், மடிச்சுக் கொண்டு போய் கை கழுவிற இடத்தில இருக்கிற துவாரத்துக்குள்ள தள்ளி விடுறது. என்ர மகளுக்குப் பதின்மூண்டு வயசு, கனடாவில ஸ்காபரோவில பிறந்தது, அவளுக்கு யாழ்ப்பாணத்தில கோட்டை கோயில் எல்லாத்தையும் விட இந்தத் துவாரம் தான் பிடிச்சது, என்ர இலையையும் வாங்கிக்கொண்டு போய்ப் போட்டாள்.

ஒண்டு சொல்ல மறந்திட்டன், இது எல்லாத் தேத்தண்ணிக் கடைக்கும் பொது. நீங்கள் கேக்காமலே ஒரு தட்டில வடை, ரோல்ஸ், போண்டா எண்டு கொண்டு வந்து வைச்சால் அது இனாம் இல்லை. எடுத்ததை எண்ணித் தான் பில் போடுவினம், எடுக்காததைத் திருப்பிக் கொண்டு போவினம். வேறொரு கடையில எங்கட மச்சான்ர பெடியள் இரண்டும் ஒரு தட்டை முடிச்சுப்போட்டு, "அங்கிள், அவை இன்னொண்டு சும்மா தருவினமோ" எண்டு கேட்டவை. பிள்ளையளுக்கு ஐஸ்கிரீம் எண்டு நச்சரிப்பு வந்தால் நல்லூரடியில ரியோ இருக்கு, பின்னேரம் கோயிலுக்குப் போகேக்க பாத்துக்கொள்ளலாம்.

பின்னேரம் நேரம் இருந்தால் நூலகத்துக்குப் போங்கோ, கிட்டத்தான். சுத்திப் பாக்க வாறவையை உள்ளுக்க விடுறது பின்னேரத்தில கொஞ்ச நேரம் தான், காலமையே வாசலில கேட்டு வையுங்கோ, செருப்பைக் கழட்டிப்போட்டுத் தான் போகோணும். திரும்பிப் போன பிறகும் தேட வேண்டியவை "நூலகம்" எண்ட பேரில இருக்கிற இணையத்தளத்தில தேடுங்கோ, அது இந்தக் கட்டிடத்தின்ர தளம் இல்லை, வேற, 2005 இல தொடங்கினது, பழைய புத்தகம், சஞ்சிகை, பத்திரிகை, செத்தவற்ற நினைவா அடிக்கிற கல்வெட்டுப் புத்தகம் வரைக்கும் ஸ்கான் பண்ணிப் போட்டிருக்கினம். உங்கட வீட்டில அப்பம்மாவின்ர, பெரியப்பாவின்ர முப்பத்தோராம் நாள் கல்வெட்டு கிடந்தால் தூக்கி எறியாதையுங்கோ, அதில குடும்ப வழி எல்லாம் அச்சில இருக்கும்.

அந்தப் புதன்கிழமை, மலாயனில தேத்தண்ணி வரும் மட்டும், மண் நிற அட்டைப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தில திகதி போட்டன். யாழ்ப்பாணம் எண்டும் எழுதினன், பேனை கொஞ்சம் மக்கர் பண்ணினது. மகள் எட்டிப் பாத்து எழுத்துக் கூட்டி வாசிச்சாள், யா, ழ், ப்பா. பிறகு தானும் ஒண்டு எழுதோணும் எண்டு பேனையைப் பறிச்சாள், வடை திண்ட கையோட. கை கழுவிப்போட்டு வா எண்டு சொல்ல முதல் மூலையில ஒரு எண்ணெய் விரல் பதிஞ்சிட்டுது. கடைசிப் பிரதி.